மிஸ்டர் போர்ட்டரின் நேர அட்டவணை

1

தமிழ்நாட்டில் 'கவுன்சிலிங்' என்றால் யாருக்கும் முதலில் மனநலம் ஞாபகத்துக்கு வராது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை இருக்கிற வீட்டில் அது ஒரு ரேங்க், ஒரு கட்-ஆஃப், ஒரு தேதி. ஒற்றைச் சாளர முறை வந்த பிறகு, அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குப் போய், பெரிய திரையில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் காலி என்று பார்த்து, சில நிமிடங்களில் அடுத்த நான்கு வருடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு வெளியே வருவதற்குத்தான் நம் ஊரில் அந்தப் பெயர். என் வயது இன்ஜினியர்களில் பெரும்பாலோர் அந்த ஹாலைக் கடந்து வந்தவர்கள்தான். 2018இல் அது ஆன்லைனுக்குப் போனது. பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. 'உனக்கு என்னப்பா பிடிக்கும், வீட்டில் எல்லாம் சரியா இருக்கா' என்று கேட்பதற்கு அந்த ஏற்பாட்டில் ஒரு கவுன்டர்கூடக் கிடையாது.

இதை நம்மூர் வேடிக்கை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் சொல்லின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், நாம் ஒன்றும் அவ்வளவு தப்பாகப் பயன்படுத்தவில்லை என்று தெரிகிறது. பள்ளி ஆலோசனை ஒரு தொழிலாக வளர்ந்தது அமெரிக்காவில். அதற்கு விதை போட்டவர் என்று சொல்லப்படும் ஃப்ராங்க் பார்சன்ஸ் 1908இல் பாஸ்டனில் ஒரு தொழில் வழிகாட்டு மையம் தொடங்கினார். அதே வருடம் இறந்துபோனார். அவருடைய புத்தகம் மறுவருடம்தான் வந்தது. அதில் அவர் சொன்ன வழி மூன்று படி. உன்னைத் தெரிந்துகொள், வேலைகளைத் தெரிந்துகொள், இரண்டையும் பொருத்திப் பார். அதாவது ஆளையும் இடத்தையும் சேர்த்து வைப்பது. அண்ணா பல்கலைக்கழக ஹாலில் நடந்ததும் இதுதான், முதல் படியை மட்டும் விட்டுவிட்டோம்.

1957இல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியது. அடுத்த வருடமே அமெரிக்கா தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்து, பள்ளி ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் பணத்தைக் கொட்டியது. நோக்கம் பிள்ளைகளின் மனநிம்மதி கிடையாது. அறிவியலுக்கும் பொறியியலுக்கும் தேறுகிற பிள்ளைகளைப் பள்ளியிலேயே பொறுக்கி எடுப்பது. இதற்கு இணையாக இன்னொரு ஓடையும் வந்து கலந்தது. உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் 1942இல் எழுதிய புத்தகத்திலிருந்து, எதிரே இருப்பவரைத் தீர்ப்புச் சொல்லாமல் கேட்பதே சிகிச்சையின் மையம் என்ற எண்ணம் பரவியது. ஆக, பள்ளி ஆலோசகர் என்ற ஒரே நாற்காலியில் இரண்டு வேலைகள் வந்து உட்கார்ந்தன: பொருத்துவது, கேட்பது. பொருத்துவதற்குக் கெடு தேதி உண்டு, கேட்பதற்குக் கிடையாது. எந்த அலுவலகத்திலும் கெடு தேதி உள்ள வேலைதான் முதலில் நடக்கும். மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அந்த நாற்காலியைப் பற்றிப் புனைவும் சினிமாவும் நமக்கு என்ன சொல்லித் தந்திருக்கின்றன, சொல்லாமல் விட்டது என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை. ஒரு நாவலும் அதன் தொடர் வடிவமும், இன்னொரு தொடர், ஒரு ஆவணப்படம், இரண்டு தமிழ்ப் படங்கள், கூடவே இலக்கியம் என்று யாரும் சொல்லாத ஒரு கையேடு. கையேட்டையும் இவற்றோடு ஒரே வரிசையில் வைத்துத்தான் படிக்கப் போகிறேன்.

2

ஜே ஆஷரின் 'தேர்ட்டீன் ரீசன்ஸ் ஒய்' நாவல் 2007இல் வந்தது. நெட்ஃபிளிக்ஸ் தொடர் 2017இல். நம்மில் பலர் தொடரைத்தான் பார்த்திருப்போம். ஹானா பேக்கர் என்ற பள்ளி மாணவி தற்கொலை செய்துகொள்கிறாள். அதற்குக் காரணம் என்று அவள் நினைக்கிறவர்களைப் பற்றிப் பேசிப் பதிந்து வைத்த கேசட்டுகள் ஒவ்வொருவர் கைக்காகப் போகின்றன. கடைசிப் பதிவு பள்ளி ஆலோசகர் மிஸ்டர் போர்ட்டருக்கானது.

அந்தக் காட்சியை நினைவுபடுத்திக்கொள்வோம். ஹானா கடைசி முயற்சியாக அவருடைய அறைக்குப் போகிறாள். அவருக்குத் தெரியாமல் உரையாடலைப் பதிவு செய்கிறாள். போர்ட்டர் கொடூரமானவர் இல்லை. கேட்கிறார், கவலைப்படுகிறார். அவள் பாதி சொல்கிறாள், மீதியை அவர் ஊகிக்க வேண்டும். தனக்கு நடந்த வன்முறையை அவள் கோடி காட்டுகிறாள். அவர் பெயரைக் கேட்கிறார். பெயர் சொல்ல அவளால் முடியவில்லை. பெயர் இல்லாமல் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது, அப்படியானால் கடந்துபோவதுதான் வழி என்ற இடத்துக்கு அவர் வந்து சேர்கிறார். அவள் எழுந்து வெளியே போகிறாள். போய்விடாமல் கதவுக்கு வெளியே நின்று, அவர் பின்னால் வருவாரா என்று பார்க்கிறாள். கதவு திறக்கவில்லை.

நாடகமாகப் பார்த்தால் ரொம்ப வலுவான காட்சி. மூடிய கதவு ஒன்று போதும், வசனமே வேண்டாம். ஆனால் அந்தக் கதவு ஒரு வேலையையும் செய்கிறது. மொத்தக் கேள்வியையும் ஒரு மனிதரின் மனசாட்சிக்குள் அடைத்துவிடுகிறது. அவர் எழுந்து வந்திருந்தால் நல்லவர், வராததால் கெட்டவர். நமக்குக் கோபம் வருகிறது, அழுகை வருகிறது, யாரைத் திட்ட வேண்டும் என்று தெளிவாகத் தெரிகிறது. கதை முடிந்தது.

கதை கேட்காத கேள்விகள் வேறு. போர்ட்டரின் பொறுப்பில் எத்தனை மாணவர்கள்? அன்று காலை அவர் வேறு என்ன செய்துகொண்டிருந்தார்? ஒரு மாணவி இப்படிப் பாதி சொல்லிவிட்டு எழுந்து போனால் அடுத்த பத்து நிமிடத்தில் யார் யாரிடம் சொல்ல வேண்டும் என்று அந்தப் பள்ளியில் எழுதி வைத்த தாள் ஏதாவது உண்டா? நாவலில் ஒரு தகவல் வருகிறது. போர்ட்டர் அடிப்படையில் ஆங்கில ஆசிரியர். ஆலோசகர் வேலையைத் தற்காலிகமாகப் பார்க்கிறவர். எனக்கு நாவலிலேயே பெரிய அதிர்ச்சி இந்தத் தகவல்தான். ஒரு பள்ளிக்கூடம் இந்த நாற்காலியில் ஆங்கில வாத்தியாரை உட்கார வைத்திருக்கிறது. பதின்மூன்று காரணங்களில் அது ஒரு காரணமாக எண்ணப்படவில்லை. பள்ளிக்கென்று ஒரு கேசட் இல்லை.

தொடரைப் பற்றி 2017இல் எழுந்த விவாதம் பெரும்பாலும் மரணத்தைக் காட்டிய விதத்தைப் பற்றியது. அமெரிக்கப் பள்ளி உளவியலாளர் சங்கம் எச்சரிக்கை அறிக்கை விட்டது. 2019 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் அந்தக் காட்சியையே நீக்கியது. நியாயமான திருத்தம். ஆனால் போர்ட்டர் அறைக் காட்சி அப்படியே இருக்கிறது. கஷ்டத்தில் இருக்கிற பதினாறு வயதுப் பிள்ளை அதைப் பார்த்தால் என்ன கற்றுக்கொள்ளும்? பெரியவர்களிடம் போய்ச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்பதைத்தான். இரண்டாம் சீசனில் தொடர் இதைச் சரிசெய்யப் பார்க்கிறது. நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் போர்ட்டர், அன்று தான் எப்படிப் பேசியிருக்க வேண்டும் என்று கற்பனை செய்கிறார். கனிவான, சரியான வார்த்தைகள். நடிப்பும் நன்றாக இருக்கிறது. ஆனாலும் திருத்தம் வார்த்தைகளோடு நின்றுவிடுகிறது. நல்ல வசனம் பேசியிருந்தால் போதும் என்று தொடர் நம்புகிறது. அது திரைக்கதை எழுதுகிறவர்களின் நம்பிக்கை.

3

நிஜ வாழ்க்கையில் இதே கேள்வி நீதிமன்றத்துக்கு வந்திருக்கிறது. மேரிலாந்து மாநிலத்தில் பதின்மூன்று வயது மாணவி ஒருத்தி, சாகப் போவதாகத் தோழிகளிடம் சொன்னாள். தோழிகள் பள்ளி ஆலோசகரிடம் சொன்னார்கள். ஆலோசகர்கள் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று மறுத்துவிட்டாள். அதோடு விட்டார்கள், பெற்றோருக்குச் சொல்லவில்லை. அவள் இறந்துபோனாள். தந்தை வழக்குப் போட்டார். 1991இல் அந்த மாநிலத்தின் உச்ச நிலை நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: இப்படி ஒரு தகவல் கையில் வந்த பிறகு, அதைத் தடுக்க நியாயமான முயற்சி எடுக்கும் கடமை ஆலோசகருக்கு உண்டு. பெற்றோருக்குத் தகவல் சொல்வதும் அதில் அடங்கும். ஒரு பக்கம் திரும்பப் பெற முடியாத இழப்பு, மறுபக்கம் ஒரு தொலைபேசி அழைப்பு என்று நீதிமன்றம் எடை போட்டுப் பார்த்தது.

இந்தத் தீர்ப்பையும் போர்ட்டர் காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தீர்ப்பு ஆலோசகரின் கனிவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் ஓடி வந்தாரா என்றும் கேட்கவில்லை. போன் செய்தீர்களா என்று கேட்கிறது. பிள்ளை மறுத்தாலும் சொல்ல வேண்டும், சொன்னால் கோபித்துக்கொள்வாள் என்றாலும் சொல்ல வேண்டும். சுமாரான ஆளும், களைத்துப்போன ஆளும், அன்று காலை வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த ஆளும் செய்துவிடக்கூடிய காரியம் அது. நல்ல நடைமுறை என்பதற்கு எனக்குத் தெரிந்த விளக்கமே அதுதான். மனிதர்கள் தங்கள் மோசமான நாளிலும் செய்துவிடும்படி வேலையைப் பிரித்து வைப்பது.

புனைவு இங்கே தடுமாறுகிறது. நடைமுறைக்கு முகம் கிடையாது, அதனால் அது கதாபாத்திரம் ஆகாது. 'அன்று மதியம் 2.10க்கு அம்மாவுக்கு போன் செய்தார்' என்பதை வைத்து யாரும் கண்ணீர் வரவழைக்க முடியாது. நடக்காமல் போன பேரழிவைப் படம் எடுக்க முடியாது என்பது சினிமாவின் பழைய சங்கடம்.

4

இருந்தாலும் ஒரு தொடர் இதற்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. 'ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்', 1999இல் தொடங்கி ஒரே சீசன், பதினெட்டு எபிசோடுகள். 1980ஆம் ஆண்டு மிச்சிகனில் நடக்கும் கதை. அங்கே ஜெஃப் ராஸோ என்று ஒரு பள்ளி ஆலோசகர். நீள முடி, கையில் கிடார், இளமையில் ஹிப்பியாக இருந்த வாடை இன்னும் போகவில்லை. பிள்ளைகளோடு பிள்ளையாக இருக்க அவர் படுகிற பாடு நமக்குச் சிரிப்பாக இருக்கிறது. தொடரும் அவரைச் சிரிப்பதற்காகத்தான் வைத்திருக்கிறது.

ஆனால் மொத்தமாகப் பார்த்தால் அவர் செய்கிற ஒரு காரியம் போர்ட்டரால் முடியாதது. லிண்ட்ஸி வேர் என்ற கெட்டிக்கார மாணவி தடம் மாறும்போதெல்லாம் அவர் அவளைக் கூப்பிட்டு அனுப்பிக்கொண்டே இருக்கிறார். பேசுவது பல சமயம் வழவழா. கொடுக்கிற அறிவுரையும் சுமார். ஆனால் மறுபடியும் கூப்பிடுகிறார். கடைசி எபிசோடில் அவர் கொடுக்கும் கிரேட்ஃபுல் டெட் இசைத்தட்டு ஒன்று அவளைத் தொடுகிறது. அவர் விரும்பிய திசையில் அது அவளை நகர்த்துவதில்லை. கல்வி முகாமுக்குப் போக வேண்டியவள் அந்தக் குழுவின் கச்சேரிகளைப் பின்தொடர்ந்து போய்விடுகிறாள். ஆலோசனையின் விளைவை ஆலோசகர் கட்டுப்படுத்த முடியாது என்பதைப் பள்ளிக்கூடக் கதை ஒன்று இவ்வளவு நேர்மையாகச் சொன்னதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவர் கையில் இருந்தது திரும்பத் திரும்பக் கூப்பிடும் வழக்கம் ஒன்றுதான். ஒரே ஒரு சந்திப்பில் ஒரு வாழ்க்கை தீர்மானமாகும் என்று போர்ட்டர் காட்சி நம்ப வைக்கிறது. ராஸோ காட்சிகள் அதை மறுக்கின்றன, காமெடி என்ற பெயரில்.

அமெரிக்கப் பள்ளியின் மறுமுகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் ஃப்ரெடரிக் வைஸ்மனின் 'ஹை ஸ்கூல்' ஆவணப்படம் இருக்கிறது. 1968இல் வந்தது, பிலடெல்ஃபியாவின் நார்த்ஈஸ்ட் பள்ளியில் எடுத்தது. பின்னணிக் குரல் கிடையாது, பேட்டி கிடையாது. பெரியவர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒழுங்கு அதிகாரி ஒரு பையனிடம், செய்யாத தப்புக்கும் தண்டனையை ஏற்றுக்கொள்வதே ஆண்மைக்கு அழகு என்கிற மாதிரி பேசுகிறார். விருந்துக்குப் போடும் கவுனின் நீளத்துக்காக ஒரு பெண்ணுக்கு உபதேசம். கல்லூரி, மார்க் பற்றிப் பெற்றோரும் பிள்ளையும் பள்ளிக்காரர்கள் முன் உட்கார்ந்திருக்கும் காட்சிகள். படம் முடியும் இடத்தில், வியட்நாம் போருக்குப் போகவிருக்கும் முன்னாள் மாணவன் எழுதிய கடிதத்தைப் பள்ளித் தலைவர் பெருமையோடு வாசிக்கிறார்.

வைஸ்மன் யாரையும் வில்லனாக்கவில்லை. அந்த அறைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் ஏறத்தாழ எல்லாருமே அக்கறையானவர்கள்தான். ஆனால் அக்கறை அங்கே ஒரே ஒரு திசையில்தான் ஓடுகிறது. பிள்ளையை ஏற்கெனவே இருக்கிற இடத்துக்குப் பொருத்துவது. 'ஆலோசனை' என்பதும் 'ஒழுங்குபடுத்துவது' என்பதும் ஒரே குரலில் பேசும்போது, பிள்ளை எதையும் வாய் திறந்து சொல்லாது. இந்த ஒரு விஷயத்தை அந்தப் படம் 75 நிமிடத்தில் நமக்குள் இறக்கிவிடுகிறது.

5

இப்போது கையேடு. அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 1952இல் உருவானது. அவர்கள் 2003இல் ஒரு தேசிய மாதிரியை வெளியிட்டார்கள். பள்ளியில் ஆலோசனைத் திட்டம் என்று ஒன்றை எப்படித் திட்டமிடுவது, நடத்துவது, அளப்பது என்று சொல்லும் புத்தகம். பிறகு பல பதிப்புகள். 2019இல் வந்த நான்காம் பதிப்பில் நான்கு பகுதிகள்: வரையறு, நிர்வகி, வழங்கு, மதிப்பிடு. படிக்க உற்சாகமான புத்தகம் இல்லை. கட்டம் போட்ட படிவங்கள், காலண்டர்கள், இலக்கு எழுதும் மாதிரிகள். ஆபீஸில் காலாண்டுத் திட்டம் போட்டவர்களுக்கு இந்த வாசனை பழக்கம்.

ஆனால் போர்ட்டர் காட்சியைப் பார்த்த கையோடு இதைப் படித்தால், அந்தக் காட்சிக்கு எழுதப்பட்ட விமர்சனம் போலவே இருக்கிறது. கையேட்டின் முதல் கவலை நேரம். ஆலோசகருடைய நேரத்தில் 80 சதவீதமாவது மாணவர்களுக்கான பணியில் போக வேண்டும். மாணவரோடு நேரடியாகவோ, அவருக்காகப் பெற்றோர், ஆசிரியரோடு பேசியோ. மீதி 20 தான் திட்டமிடலுக்கும் பள்ளியின் பொது வேலைக்கும். ஒரு ஆலோசகருக்கு 250 மாணவர்கள் என்பது சங்கத்தின் பரிந்துரை. 2022-23 கல்வியாண்டில் நாடு முழுவதுக்குமான சராசரி 385.

இந்த எண்களை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வருடத்துக்கு 180 பள்ளி நாள், நாளுக்கு ஆறு மணி நேரம் என்று வைத்தால் 1,080 மணி நேரம். அதில் 80 சதவீதம் 864. 250 பிள்ளைகளுக்குப் பிரித்தால் தலைக்கு ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். 385 பேர் என்றால் இரண்டே கால். பள்ளி அவரை வேறு வேலைகளுக்கு இழுத்து 80ஐ 50 ஆக்கிவிட்டால் ஒன்றரை மணிக்கும் குறைவு. வகுப்பறைப் பாடம், குழுச் சந்திப்பு, கல்லூரிக்கான சிபாரிசுக் கடிதம், பெற்றோரோடு பேச்சு எல்லாம் இதற்குள்தான், ஒரு முழு வருடத்துக்கு. ஹானா அறைக்குள் வந்து உட்காரும்போது போர்ட்டரின் கையில் இருந்தது இந்த மாதிரி ஒரு நேரம்தான். அதில் ஒருவர் மௌனமாக இருக்க இடம் எவ்வளவு மிச்சம்?

கையேட்டில் எனக்குப் பிடித்த பக்கம், ஆலோசகருக்குப் பொருத்தமான வேலைகளையும் பொருந்தாத வேலைகளையும் எதிரெதிரே வைக்கும் பட்டியல். வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பைப் பார்த்துக்கொள்வது, மதிப்பெண் சராசரி கணக்குப் போடுவது, தேர்வுகளை ஒருங்கிணைப்பது, தண்டனை கொடுப்பது, சரியாக உடுத்தாத பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் பொருந்தாத பக்கம். வைஸ்மன் படத்தின் காட்சிகளை ஒவ்வொன்றாக நீக்கியது போல இருக்கிறது. மனநோய்க்கு நீண்டகாலச் சிகிச்சை கொடுப்பதும் பொருந்தாத பக்கம்தான். ஆலோசகர் டாக்டர் இல்லை. கண்டுபிடித்து, முதல் உதவி செய்து, சரியான இடத்துக்கு அனுப்பி, அனுப்பிய பிறகு என்ன ஆயிற்று என்று பார்ப்பவர்.

இந்தப் பட்டியல் ஏன் அவசியம் என்றால், பள்ளியில் எந்த வகுப்பும் ஒதுக்கப்படாத ஆள் எல்லார் கண்ணுக்கும் சும்மா இருக்கிறவராகத்தான் தெரிவார். அதனால்தான் கையேடு ஆலோசகரையும் தலைமையாசிரியரையும் வருடத் தொடக்கத்தில் உட்கார வைத்து, நேரத்தை எப்படிச் செலவிடப்போகிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறது. வருடத்தில் இரண்டு முறை, ஐந்து ஐந்து நாட்களுக்கு, தன் நேரம் எங்கே போனது என்று ஆலோசகர் குறித்துவைக்க வேண்டும். சலிப்பான வேலை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'எனக்கு நேரமில்லை' என்ற புலம்பலைத் தலைமையாசிரியர் மேஜையில் வைக்கக்கூடிய ஆதாரமாக மாற்றுவது அந்தத் தாள்தான்.

6

கையேட்டைக் கும்பிட்டுவிட்டு நகர முடியாது. அதற்குப் பெரிய குருட்டுப் புள்ளி ஒன்று உண்டு. திட்டம் எங்கே கவனம் செலுத்த வேண்டும் என்பதைத் தரவு சொல்லும் என்கிறது. எந்தத் தரவு? வருகை, நடத்தை, மதிப்பெண். எந்தப் பிள்ளைகள் அதிகம் லீவு எடுக்கிறார்கள், எந்தப் பிரிவினர் எந்தப் பாடத்தில் தோற்கிறார்கள் என்று பார்த்து, இத்தனை சதவீதம் குறைப்போம் என்று இலக்கு எழுதுவது. இதில் நியாயம் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட இனத்துப் பிள்ளைகளே திரும்பத் திரும்ப சஸ்பெண்ட் ஆகிறார்கள் என்பது எண்ணிப் பார்த்தால்தான் தெரியும், உள்ளுணர்வுக்குத் தெரியாது.

ஆனால் சர்வர்களைக் கண்காணிக்கிற வேலையில் இருந்தவர்களுக்கு ஒன்று தெரியும். எதை அளக்கிறோமோ அது கெட்டால்தான் மணி அடிக்கும். தினமும் வருகிற, ஒழுங்காக உட்கார்கிற, 90 சதவீதம் எடுக்கிற பெண் உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருந்தால் எந்த வரைபடத்திலும் தெரியமாட்டாள். நம் ஊரில் இப்படிப்பட்டவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம். மார்க் எடுக்கிற பிள்ளைக்குப் பிரச்சினையே இருக்காது என்று வீடும் பள்ளியும் சேர்ந்து முடிவு செய்து வைத்திருக்கும் சமூகம் இது. அவள் வெளியே தெரிய வேண்டுமானால், காரணமே இல்லாமல் அவளைக் கூப்பிட்டுப் பேச யாருக்காவது நேரம் இருக்க வேண்டும். கையேட்டின் பாஷையில் அதற்குப் படிவம் கிடையாது. ராஸோவிடம் இருந்தது அது. கையில் வேலை எதுவும் இல்லாதது போல வராந்தாவில் நிற்கிற நேரம்.

ஆகவே நாவலும் கையேடும் ஒன்றையொன்று திருத்துகின்றன என்றுதான் நான் வாசிக்கிறேன். கதவுக்கு வெளியே நிற்கிறவளின் மனசு எப்படி இருக்கும் என்று நாவலுக்குத் தெரியும். அந்தக் கதவு ஏன் திறக்கவில்லை என்பது கையேட்டுக்குத் தெரியும். இரண்டும் தெரிந்த ஒரு படைப்பு இன்னும் என் கண்ணில் படவில்லை.

7

தமிழில் பள்ளி ஆலோசகர் கதாபாத்திரமாகப் பெரிதாக வரவே இல்லை. அந்த இடத்தில் நம்மிடம் இருப்பவர் வாத்தியார். 'சாட்டை' (2012) படத்தில் சமுத்திரக்கனியின் தயாளன் சார், 'ராட்சசி' (2019) படத்தில் ஜோதிகாவின் கீதா ராணி டீச்சர். சீரழிந்து கிடக்கும் அரசுப் பள்ளிக்கு ஒருவர் வருகிறார். பிள்ளைகளின் வீட்டுப் பிரச்சினை முதல் ஊர்ப் பிரச்சினை வரை எல்லாவற்றையும் தனி ஆளாக எதிர்கொள்கிறார், பள்ளி தலைநிமிர்கிறது. தியேட்டரில் கைதட்டல். அந்தக் கைதட்டலை நான் குறைத்துப் பேச மாட்டேன். அப்படி ஒரு ஆசிரியர் கிடைத்ததால் பிழைத்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர்.

ஆனால் இந்தப் படங்களும் போர்ட்டர் காட்சியும் ஒரே நாணயத்தில் அடித்தவை. அங்கே ஒரு மனிதர் தவறியதால் பிள்ளை போனாள். இங்கே ஒரு மனிதர் வந்ததால் பிள்ளைகள் பிழைத்தார்கள். இரண்டிலும் பள்ளி என்ற அமைப்பு தப்பித்துக்கொள்கிறது. தயாளன் சாருக்கு டிரான்ஸ்பர் வந்தால் மறுநாள் யார் பார்த்துக்கொள்வார் என்ற கேள்விக்குப் படத்தில் பதில் இல்லை. இருந்தால் அது வேறு படமாக இருந்திருக்கும். 'நல்ல மனசு இருந்தா போதும் சார்' என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். அந்த மனசை வைத்துக்கொண்டு வாரத்துக்கு நாற்பது பீரியட் எடுக்கும் ஒருவரிடம், கூடவே நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் மனசையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது பாராட்டா, சுமையா?

இந்தக் கேள்வி இப்போது வெறும் ரசனை விவாதமாக இல்லை. 2025 ஜூலையில், விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சியில் இருந்த மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதுக்குமான வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள், தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர், சமூகப் பணியாளர் இவர்களில் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. தமிழ்நாட்டில் 104, நாடு முழுவதும் டெலி-மனாஸ் 14416 என்று எந்நேரமும் கூப்பிடக்கூடிய எண்கள் ஏற்கெனவே இருக்கின்றன. கூப்பிடத் துணிகிற பிள்ளைக்கு அவை உதவும். கூப்பிடாத பிள்ளையைத் தேடிப் போக வேண்டியது பள்ளிதான்.

அந்த ஆலோசகர் வந்து சேர்ந்த முதல் வாரத்தில் என்ன நடக்கும் என்று நம் பள்ளிகளைத் தெரிந்த யாருக்கும் ஊகிக்கச் சிரமம் இருக்காது. கணக்கு டீச்சர் லீவு, கொஞ்சம் அந்த வகுப்பைப் பார்த்துக்குங்க. எமிஸ் பதிவு பாக்கி, கொஞ்சம் உதவுங்க. ஆண்டு விழாவுக்கு ஆள் பத்தலை. பையன் முடி வெட்டாம வந்திருக்கான், நீங்க சொன்னா கேப்பான். ஒவ்வொன்றும் சின்ன உதவிதான், கேட்கிற யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆறு மாதத்தில் அவர் இன்னொரு போர்ட்டர் ஆகிவிடுவார். பிறகு ஏதாவது நடந்தால், அவர் ஏன் எழுந்து கதவைத் திறக்கவில்லை என்று நாமே கேட்போம்.

உங்கள் தம்பியோ, அக்கா மகளோ படிக்கிற பள்ளியில் இனி 'எங்களிடம் கவுன்சிலர் இருக்கிறார்' என்று சொன்னால், மூன்று விஷயம் கேட்டுப் பாருங்கள். அவர் பொறுப்பில் எத்தனை பிள்ளைகள்? போன வாரம் எத்தனை பீரியட் அவரை வேறு வேலைக்கு அனுப்பினீர்கள்? ஒரு பிள்ளை அவரிடம் பாதி சொல்லிவிட்டு எழுந்து போனால், அன்று சாயங்காலத்துக்குள் யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்? மூன்றாவது கேள்விக்கு ஒரு தாளை எடுத்து நீட்டினார்கள் என்றால், அந்த ஆலோசகர் ராஸோ மாதிரி கிடார் வாசித்து உயிரை எடுத்தாலும் பரவாயில்லை, பிள்ளையை அங்கே சேர்க்கலாம்.